பத்தொன்பது வயதுச் சாரதிக்கும் பழைய மினிக்கும் எந்தக் காப்புறுதி?

என் தங்கையின் மகன் சாரதிப் பரீட்சையில் சித்தியடைந்தபோது அவனுக்கு வயது 19. கார் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, இலண்டன் ஹரோவில் உள்ள அவர்கள் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. 1983ஆம் ஆண்டு பதியப்பட்ட மினி அது. முந்தைய உரிமையாளர்கள் தத்தம் விருப்பப்படி கைவைத்து மாற்றிய கார். பிரித்தானியாவில் ஒரு வாகனத்துக்குக் காப்புறுதி இருக்க வேண்டும், அல்லது அது வீதியில் ஓடாது என்று சாரதி, வாகனப் பதிவு முகமையான டிவிஎல்ஏக்கு அறிவித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் வெறுமனே பதிவில் கிடக்கும் காருக்கும் அபராதக் கடிதம் வரும். ஆகவே பரீட்சை முடியும்வரை அந்த அறிவித்தலைக் கொடுத்துவிட்டுக் காரை முற்றத்தில் துணிபோர்த்தி வைத்திருந்தார்கள்.

சித்தியடைந்த அன்று மாலையே பையன் விலை ஒப்பிடும் இணையத்தளங்களில் விவரங்களைக் கொடுத்துப் பார்த்தான். பல நிறுவனங்கள் விலையே சொல்லவில்லை. சொன்ன ஓரிரண்டும் காரை வாங்கிய விலைக்கு அருகில் நிற்கும் தொகைகளைச் சொல்லின. இரவு என் மச்சான் தொலைபேசியில் அழைத்தார். "என்ர பேரில போட்டுட்டுப் பெடியனை ஓட விடலாமோ?" என்பதுதான் அவர் கேட்ட முதற்கேள்வி. எங்கள் சமூகத்தில் வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு என்பதாலும், அதற்கான சரியான விடை ஒரு சொல்லில் அடங்காது என்பதாலும், அடுத்த மூன்று வாரங்களில் நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில், கட்டணம் ஏன் அப்படி ஏறுகிறது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். காரின் விலை ஏழாயிரம் பவுண், கட்டணமும் அதற்குக் கிட்ட வருகிறது, இது பகற்கொள்ளை என்று மச்சான் சொன்னார். ஆனால் ஓர் இளைஞனுக்குக் காப்புறுதி கொடுக்கும் நிறுவனம் அஞ்சுவது காரின் விலையை அல்ல. அந்தக் கார் இன்னொருவரை மோதிக் காயப்படுத்தினால் கொடுக்க வேண்டிய நட்டஈட்டையே அது அஞ்சுகிறது. பிரித்தானியச் சட்டப்படி மூன்றாம் தரப்பினரின் உடற்காயத்துக்கான பொறுப்புக்கு உச்சவரம்பு கிடையாது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஒருவரின் வாழ்நாள் பராமரிப்புச் செலவோடு ஒப்பிட்டால் மினியின் விலை சில்லறை. 2012 டிசம்பர் 21க்குப் பின் ஆண், பெண் என்ற வேறுபாட்டை வைத்துக் கட்டணம் கணிக்க முடியாது என்பதால், வயதும் அனுபவமும் முகவரியும் காரும் இன்னும் கூடுதலான எடையைச் சுமக்கின்றன. அந்தத் தொகையின் மேல் 12 வீதக் காப்புறுதி வரியும் சேர்கிறது.

இதை விளங்கிக்கொண்டால், பலரும் முதலில் எட்டிப் பார்க்கும் மலிவு வழி ஏன் மலிவாக இல்லை என்பதும் விளங்கும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தால் சொந்தக் காரின் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. எனவே கட்டணம் பாதியாவது குறையும் என்று எதிர்பார்ப்போம். நடப்பது வேறு. செலவின் பெரும்பகுதி மூன்றாம் தரப்புப் பொறுப்பிலேயே இருப்பதால் குறைக்க அதிகம் இல்லை. மேலும், ஆபத்துக் கூடிய சாரதிகளே பெரும்பாலும் அதைத் தேடி வருகிறார்கள் என்பது நிறுவனங்களின் கணக்கு. அதனால் இளம் சாரதிக்கு அது முழுக் காப்புறுதியை விட அதிக விலையில் வருவதும் உண்டு. எங்கள் தேடலிலும் அப்படியே வந்தது. அந்த வழியை அத்தோடு விட்டுவிட்டோம்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதைச் செய்யாமல் வாங்கும் எந்த விலைக்கும் பொருள் இல்லை என்பது என் உறுதியான கருத்து: காரில் என்னென்ன மாற்றப்பட்டிருக்கின்றன என்ற பட்டியல். பையன் தனக்குத் தெரிந்த நான்கைச் சொன்னான்: அகலமான அலோய் சில்லுகள், சில்லுகளுக்கு மேல் ஒட்டிய வளைவுகள், சத்தமான எக்ஸோஸ்ற், பக்கற் இருக்கைகள். ஒரு சனிக்கிழமை நான் கொப்பியும் டோர்ச் லைற்றுமாகப் போனேன். முன்சில்லைக் கழற்றியபோது உள்ளே டிரம் பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. மினிக்கு 12 அங்குலச் சில்லும் முன் டிஸ்க் பிரேக்கும் பொதுவாக வந்தது 1984இல்தான், ஆகவே 1983 காரில் அது பின்னர் பூட்டப்பட்டது. காரைத் தாங்கும் இறப்பர்க் கூம்புகளுக்குக் கீழே, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் இருந்தன. அடுத்து எஞ்சின். மினியின் ஏ வரிசை எஞ்சின்கள் 998 சிசியோ 1275 சிசியோ வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசத்தைச் சொல்வது புளொக்கில் அறைந்த சிறிய உலோகத் தகட்டில் உள்ள எஞ்சின் இலக்கம். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் அது 12எச் என்று தொடங்கியது. அதாவது 1275. வி5சி பதிவுப் பத்திரத்திலோ 998 என்று இருந்தது.

பையன் முகம் மலர்ந்தது. தன் காருக்கு நினைத்ததை விடப் பெரிய எஞ்சின் என்பது அவனுக்கு நற்செய்தி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவன் இணையத்தளங்களில் வாங்கிய விலைகள் அத்தனையும் வேறொரு காருக்கு வாங்கிய விலைகள். எஞ்சின் மாறியதை டிவிஎல்ஏக்கு அறிவித்துப் பதிவுப் பத்திரத்தைத் திருத்துவது உரிமையாளரின் கடமை. முந்தையவர் அதைச் செய்யவில்லை. திருத்துவதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் எஞ்சினின் கொள்ளளவுக்கான சான்று எழுத்தில் கேட்கப்படும். எங்களுக்கு ஒரு பழைய கார்த் திருத்தகத்தினர் கடிதத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்தப் பட்டியல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டப்படி, காப்புறுதி எடுப்பவர் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பொய்யோ பிழையோ வராமல் நியாயமான கவனத்தோடு விடையளிக்க வேண்டும். வேண்டுமென்று மறைத்தால் நிறுவனம் ஒப்பந்தத்தையே இல்லாததாக்கலாம், கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவால் பிழைவிட்டால், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்பதே அளவுகோல்: காப்புறுதியே கொடுத்திருக்காது என்றால் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டுக் கையை விரிக்கலாம், கூடிய கட்டணம் கேட்டிருக்கும் என்றால் அந்த விகிதத்தில் நட்டஈட்டைக் குறைக்கலாம். ஓர் எடுத்துக்காட்டு: 1,500 பவுண் கட்டியிருக்கிறீர்கள், உண்மையைச் சொல்லியிருந்தால் 2,000 பவுண் கேட்டிருப்பார்கள் என்றால், 8,000 பவுண் சேதத்துக்கு 6,000 பவுண்தான் கைக்கு வரும். பாதுகாப்பைக் கூட்டும் மாற்றம்தானே, டிஸ்க் பிரேக்கை எதற்குச் சொல்ல வேண்டும் என்று பையன் கேட்டான். மாற்றம் உண்டா என்றுதான் படிவம் கேட்கிறது. நல்ல மாற்றமா என்று அது கேட்பதில்லை.

இனி மச்சானின் கேள்விக்கு வருவோம். தந்தையின் பெயரில் காப்புறுதி எடுத்து, மகனை மேலதிகச் சாரதியாகச் சேர்ப்பது தன்னளவில் குற்றமல்ல. தந்தையே அந்தக் காரின் பிரதான சாரதியாக இருந்து, மகன் எப்போதாவது ஓட்டினால் அது முழுக்க நேர்மையான ஏற்பாடு. அனுபவமுள்ளவர் பெயர் முன்னே நிற்பதால் கட்டணமும் இறங்கும். ஆனால் காரை வாங்கியவன் மகன், அதைக் கழுவித் துடைப்பவன் மகன், ஓடப் போகிறவனும் மகனே என்றிருக்கையில் தந்தையைப் பிரதான சாரதி என்று எழுதுவதற்கு இங்கே ஃபிரண்டிங் என்று பெயர். காப்புறுதி நிறுவனங்கள் அதை மோசடியாகவே நடத்துகின்றன. விபத்து நடந்தால், காயப்பட்ட மூன்றாம் தரப்பினருக்கு நிறுவனம் 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி பணம் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டு அந்தத் தொகையைக் காப்புறுதி எடுத்தவரிடம் திருப்பிக் கேட்க முடியும். வீட்டையே அடகு வைத்தாலும் தீராத தொகையாக அது இருக்கக்கூடும்.

பையனும் தப்ப முடியாது. ஒப்பந்தம் இல்லாததாக்கப்பட்டால் அவன் காப்புறுதியின்றி ஓட்டியவனாகிவிடக்கூடும். காப்புறுதியின்றி ஓட்டினால் நிலையான தண்டம் 300 பவுணும் ஆறு புள்ளிகளும். புதிய சாரதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளிகள் பெற்றால் அவனது அனுமதிப்பத்திரம் ரத்தாகும். மீண்டும் பயிற்சி அனுமதியிலிருந்து தொடங்கி எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் எழுத வேண்டும். இதை மச்சானுக்குச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாரும் செய்யினம்" என்றார். எல்லாரும் செய்வது உண்மைதான். எல்லாருடைய காரும் ஏக காலத்தில் மோதுவதில்லை என்பதால்தான் அது தெரிவதில்லை.

நேர்மையான வடிவத்திலும் இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. மேலதிகச் சாரதியாக இருக்கும் காலத்தில் பெரும்பாலான நிறுவனங்களில் பையனுக்கு நோ கிளெய்ம் போனஸ் (நட்டஈடு கோராமல் ஓட்டிய ஆண்டுகளுக்கான கட்டணக் கழிவு) சேராது. 22 வயதில் சொந்தப் பெயரில் காப்புறுதி எடுக்கப் போகும்போது அவன் மீண்டும் பூச்சியத்திலேயே நிற்பான்.

அடுத்த வழி, இளம் சாரதிகளுக்கென்றே பழகிப்போன கறுப்புப் பெட்டி. வேகம், சடுதியான பிரேக், வளைவில் திரும்பும் விதம், ஓடும் நேரம் ஆகியவற்றைக் கருவி பதிவுசெய்து புள்ளி கொடுக்கும். நன்றாக ஓட்டினால் புதுப்பிக்கும்போது கட்டணம் இறங்கும், பின்னிரவு ஓட்டம் புள்ளியைக் குறைக்கும். சாதாரண சிறிய காருக்கு, முதல் ஆண்டில் இதைவிடச் சிக்கனமான வழி அரிது என்றே நினைக்கிறேன். நோ கிளெய்ம் போனஸும் ஓராண்டு சேரும். ஆனால் மாற்றங்கள் செய்த காரை இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை ஏற்பதில்லை. சில்லு மாற்றத்தோடு நின்றால் ஏற்பவையும் எஞ்சின் மாற்றம் என்றதும் கதவைச் சாத்துகின்றன. ஏற்பவர்கள் கிடைத்தாலும் இந்தக் காருக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. வயரிங்கில் இணைக்கும் பெட்டி சிறிதளவு மின்னை எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கும். டிக்கிக்குள் இருக்கும் மினியின் சிறிய பற்றரி, வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரில் அதைத் தாங்காது. (1969க்கு முந்தைய மினி என்றால் இன்னும் சிக்கல்: அவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். இக்காலக் கருவியை யோசிக்காமல் பூட்டினால் புகைதான் வரும்.) இரண்டாவது என் ஊகம் மட்டுமே: இறுகிய இறப்பர்த் தாங்கியும் சிறிய சில்லும் கொண்ட கார் ஹரோ வீதிகளின் குழிகளில் துள்ளும் துள்ளலை, அந்தப் பெட்டி பையனின் முரட்டு ஓட்டம் என்று எழுதிவிடக்கூடும்.

புள்ளி மிகவும் குறைந்தால் சில நிறுவனங்கள் நடுவிலேயே காப்புறுதியை நிறுத்திவிடுவதும் உண்டு. நிறுவனத்தால் நிறுத்தப்பட்ட காப்புறுதி என்பது, பின்னால் எடுக்கும் ஒவ்வொரு காப்புறுதியின்போதும் கேட்கப்பட்டால் சொல்ல வேண்டிய ஒன்று. பெட்டியை ஏற்பவர்கள் இந்த நிபந்தனையை முதலில் வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, பழைய கார்களுக்கான கிளாசிக் காப்புறுதி. இங்கேதான் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில் அதுவும் ஒன்று. அந்த ஏக்கத்தில் இலண்டனிலும் ஒரு மைனர் வாங்கினேன். மைனரையும் மினியையும் வடிவமைத்தவர் ஒருவரே, அலெக் இசிகோனிஸ். அந்தக் காரைச் சாதாரணக் காப்புறுதியில் போட்டிருந்தேன். சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னால் ஒரு வான் மோதியது. மதிப்பீட்டாளர் வந்து, திருத்தும் செலவு காரின் சந்தைப் பெறுமதியைத் தாண்டுகிறது என்று எழுதி ரைட் ஓஃப் ஆக்கினார். அவர் எழுதிய பெறுமதியில் அதே தரத்தில் ஒரு மைனரை எங்குமே வாங்க முடியாது. விற்பனை விளம்பரங்களையும் உரிமையாளர் சங்கத்தின் மதிப்பீட்டுக் கடிதத்தையும் சேர்த்து முறைப்பாடு எழுதிய பிறகே தொகை உயர்ந்தது. அதற்கும் பல மாதங்கள் சென்றன. முறைப்பாட்டுக்கு எட்டு வாரத்துக்குள் நிறுவனம் இறுதிப் பதில் தராவிட்டால், அல்லது பதில் திருப்தியில்லாவிட்டால், இத்தகைய முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பான நிதிச்சேவை ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் போகலாம் என்பதை நான் அறிந்தது அப்போதுதான்.

கிளாசிக் காப்புறுதியின் உயிர்நாடி இந்த இடத்தில் இருக்கிறது. அதில் பெறுமதியை விபத்துக்குப் பிறகு பேரம் பேசுவதில்லை. படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் பார்த்து முன்கூட்டியே ஒரு தொகையை இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். கார் முற்றாக அழிந்தால் அந்தத் தொகை, எக்செஸை, அதாவது சேதச் செலவில் நம் கையிலிருந்து போக வேண்டிய பகுதியை, கழித்துக் கிடைக்கும். ரைட் ஓஃப் ஆன காரை உரிமையாளரே திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமையும் சிலவற்றில் உண்டு. மினிக்கு இவ்விரண்டும் மிகப் பொருந்தும். 1959 ஆகஸ்ட் 26 அன்று அறிமுகமாகி 2000 ஒக்டோபரில் உற்பத்தி நின்ற, 53 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் அது. புதிய உடற்கூடு உட்பட ஏறக்குறைய எல்லாப் பாகங்களையும் இன்றும் வாங்கலாம். காரைக் காப்பாற்ற வழி எப்போதும் இருக்கிறது. ஆனால் புதிய உடற்கூடு மட்டுமே பத்தாயிரம் பவுணைத் தாண்டும் என்பதால், சந்தைப் பெறுமதிக் கணக்கில் சிறிய மோதலே காரைக் கொன்றுவிடும்.

குறை எங்கே? நுழைவாயிலில். பல நிறுவனங்கள் சாரதிக்கு 21 அல்லது 25 வயது நிரம்ப வேண்டும் என்கின்றன. ஆண்டுக்கு 3,000 அல்லது 5,000 மைல் என்று ஓட்டத்துக்கு எல்லை வைக்கின்றன. அன்றாடத் தேவைக்கு வேறொரு கார் இருக்க வேண்டும், இரவில் பூட்டிய கராஜில் நிறுத்த வேண்டும் என்பவையும் உண்டு. கராஜ் விடயத்தில் எங்கள் ஆட்கள் அவதானமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கராஜ் இருப்பது உண்மை, அதற்குள் அரிசி மூட்டையும் பழைய சூட்கேசுகளும் கோயில் திருவிழாக் கிடாரங்களும் இருப்பதும் உண்மை. "கராஜில் நிறுத்தப்படும்" என்று எழுதிவிட்டு வீதியில் நிறுத்தினால் அதுவும் பிழையான தகவலே. வேலைக்குப் போய்வரும் பயணம் பல கிளாசிக் காப்புறுதிகளில் தானாகச் சேராது. நோ கிளெய்ம் போனஸும் சிலவற்றில் சேராது.

நான்காவது வழி, மாற்றிய கார்களையே தொழிலாகக் கொண்ட தரகர்கள் மூலம் எடுப்பது. பிரித்தானியக் காப்புறுதித் தரகர் சங்கத்தின் தேடல் சேவையில் இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கலாம். விலை ஒப்பிடும் தளங்களின் கணினி ஒரு பெட்டியில் குறி விழுந்ததும் மறுத்துவிடும். இங்கே எதிர்முனையில் ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கு 1275 எஞ்சின் என்றால் என்ன என்று தெரியும். பையன் பட்டியலை வாசிக்க வாசிக்க அந்தப் பெண் தரகர் இடைமறித்து, "கார்பரேற்றர் ஒன்றா இரண்டா? எஞ்சினைப் பூட்டியது யார்? பிரேக் மாற்றத்துக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா?" என்று கேட்டார். மாற்றங்களை மறைக்க அல்ல, விவரமாகச் சொல்லத் தூண்டும் கேள்விகள் அவை. மூன்று தரகர்களில் இருவர் 19 வயதை ஏற்றார்கள். ஒத்துக்கொண்ட பெறுமதியையும் கொடுக்க முன்வந்தார்கள்.

இந்த வழியில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்றுண்டு. மாற்றங்களை ஏற்றுக்கொள்வது வேறு, மாற்றிய பாகங்களுக்குப் பணம் தருவது வேறு. சில நிறுவனங்கள் மாற்றங்களைக் கேட்டுப் பதிந்துகொண்டு கட்டணத்தையும் கூட்டிவிடும். விபத்தென்று வந்தால், மூலப்பாகங்களின் விலையில்தான் திருத்தித் தருவோம் என்னும். ஆகவே "இந்தப் பாகம் உடைந்தால் இதே பாகத்தைப் போடுவீர்களா?" என்ற கேள்வியை அதே சொற்களில் கேட்டு, விடையை எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டு தரகர்களில் ஒருவர் இந்தக் கேள்வியில்தான் விழுந்தார். அவர் சொன்ன விலை 180 பவுண் குறைவு. ஆனால் எக்செஸ் மற்றவரை விட 400 பவுண் கூடுதல், பாகங்களும் மூலப்பாகங்களே. இளம் சாரதிக்கு எக்செஸ் மூன்று அடுக்காக வரும்: கட்டாயமானது, நாமே ஏற்பது, அனுபவமின்மைக்கானது. மூன்றையும் கூட்டிப் பார்க்காமல் விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம்.

ஐந்தாவது ஒரு வழியும் இருந்தது. வெளிப்படையாகச் சொன்னால் என் முதல் யோசனை அதுதான். ஓராண்டு சாதாரணச் சிறிய காரைக் கறுப்புப் பெட்டியோடு ஓட்டட்டும், நோ கிளெய்ம் போனஸ் ஓராண்டு சேரட்டும், வயது 20 ஆகட்டும், அதுவரை மினி துணிக்குள் இருக்கட்டும். பணக்கணக்கில் இதை வெல்லும் வழி இல்லை. அதோடு மினியில் காற்றுப்பையும் இல்லை, பக்கவாட்டு மோதலைத் தாங்கும் சட்டமும் இல்லை. முதல் ஆண்டைப் புதிய காரில் கழிப்பது உயிருக்கும் நல்லது. தங்கையும் என் பக்கம். பையன் மறுத்தான், அவன் சொன்ன காரணம் முட்டாள்தனமானதல்ல: பல்கலைக்கழகத்துக்கு மெற்றொபொலிற்றன் ரயிலில் போகிறான், அன்றாடம் கார் தேவையில்லை, தேவையில்லாத இரண்டாவது காருக்கு விலையும் வரியும் காப்புறுதியும் கட்டுவதில் என்ன சிக்கனம்? மினி 40 வயதைத் தாண்டிவிட்டதால் வரலாற்று வாகனமாகப் பதிந்துகொண்டால் வீதிவரி இல்லை. இலண்டன் முழுவதும் 2023 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் உள்ள, புகை கூடிய வாகனங்களுக்கான, நாளுக்கு 12.50 பவுணான யூலெஸ் கட்டணமும் இல்லை.

வாகனம் வீதிக்குத் தகுந்ததா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி பரிசோதனையிலிருந்தும் இந்த வயதுக் காருக்கு விலக்குக் கோரலாம், காரின் அடிப்படை அமைப்பு கடந்த 30 ஆண்டுகளில் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால். அதே வகை எஞ்சினின் வேறொரு கொள்ளளவு பெரிய மாற்றமாகக் கொள்ளப்படுவதில்லை என்பதால் எங்கள் மினி அதில் அடங்கும். ஆனாலும் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்பதை நான் நிபந்தனையாக வைத்தேன். பிறர் பூட்டிய பிரேக்கை நம்பிப் பத்தொன்பது வயதுப் பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வல்லுநர் அதைப் பரிசோதித்துப் பார்ப்பது ஆடம்பரமல்ல. நல்ல நிலையில் வைத்திருந்தோம் என்பதற்குச் சான்றுத்தாளும் கையில் இருக்கும்.

முடிவில், அதே பாகத்தைப் போட ஒத்துக்கொண்ட தரகரிடமே எடுத்தார்கள். பையனே பிரதான சாரதி, மச்சான் மேலதிகச் சாரதி. இதில் பெயர்கள் உண்மையான இடத்தில் இருக்கின்றன, அனுபவமுள்ளவர் சேர்ந்ததால் கட்டணமும் சற்று இறங்கியது. ஆண்டுக்கு 5,000 மைல், ஒத்துக்கொண்ட பெறுமதி 9,000 பவுண், மாற்றிய பாகங்களுக்கு அதே பாகங்கள், நோ கிளெய்ம் போனஸ் உண்டு. பொழுதுபோக்குப் பயணங்களுக்கு மட்டுமே. பகுதிநேர வேலை கிடைத்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு இந்தக் கார் ஒருபோதும் போகக்கூடாது என்பதைத் தரகர் இரண்டுமுறை சொன்னார். கட்டணம் கறுப்புப் பெட்டிச் சிறிய காரை விடக் கூடுதல்தான்; முதல்நாள் கணினி சொன்னதில் பாதிக்கும் கீழே. அன்றாடம் வேலைக்குக் காரில் போகும் பிள்ளையாக இருந்திருந்தால் இந்த முடிவை நான் ஆதரித்திருக்க மாட்டேன். ஐந்தாவது வழியைத்தான் பிடிவாதமாகச் சொல்லியிருப்பேன்.

கராஜைக் காலியாக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. மினியின் நீளம் 3.05 மீற்றர், அகலம் 1.41 மீற்றர், மச்சானின் கார் ஒருநாளும் நுழையாத அந்தப் பழைய கராஜுக்குள் அது போய் நின்றதும், இருபக்கமும் கதவைத் திறக்க இடம் மிஞ்சியது.

காப்புறுதிப் பத்திரம் மின்னஞ்சலில் வந்தபோது, விலகிக்கொள்ள 14 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார் என்று பையனிடம் சொல்லியிருந்தேன். கொப்பியில் இருந்த எங்கள் பட்டியலைப் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத்தொட்டுப் பார்த்தான். எஞ்சின், பிரேக், தாங்கி, சில்லு, வளைவு, எக்ஸோஸ்ற் எல்லாம் இருந்தன. பக்கற் இருக்கைகள் இரண்டும் விடுபட்டிருந்தன. அன்று பிற்பகலே தரகரை அழைத்துச் சேர்ப்பித்தான். கட்டணத்தில் மாற்றமில்லை என்று திருத்திய பத்திரம் மாலையில் வந்தது.